தலைக்குச் செலவு

எங்கள் ஒன்றியத்திலேயே
ஒரு பிள்ளைக்கு அதிகம் செலவழிக்கும் பள்ளி
காக்கைவிளை தொடக்கப்பள்ளி.
ஆண்டுக்குப் பத்தொன்பது லட்சத்துச் சொச்சம்.
வரைபடம் போட்டது நான்தான்.
மற்ற பள்ளியெல்லாம் கணுக்கால் உயரம்,
இது மட்டும் பணகுடிக் காற்றாலை மாதிரி
தாளின் விளிம்பை முட்டிக்கொண்டு.

பாளையங்கோட்டைக் கூட்டத்தில்
மேலே இருந்து வந்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.
'அப்படி என்னம்மா நடக்கு அங்க?'
எனக்குத் தெரியும். சொல்லவில்லை.
கணினிப் பதிவாளர், ஒப்பந்தக் கூலி;
கட்டம் இருந்தால் நிரப்புவேன்.
'ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க.'

வள்ளியூரில் பஸ் மாறி,
செருப்புக்குள் தேரிமணல் ஏற,
ஆடிக்காற்றில் துப்பட்டாவைப் பல்லில் கடித்தபடி போனேன்.
இரண்டு வகுப்பறை.
இரண்டு ஆசிரியர்.
ச. பேச்சிராஜா, நான்காம் வகுப்பு.
அவ்வளவுதான்.

தேர்ச்சி நூறு சதவீதம்.
அவனுக்குக் காய்ச்சல் அடித்தால் வருகை சுழியம்,
விட்டால் மறுபடி நூறு.
வாய்ப்பாடு ஏழுவரை தண்ணீர்பட்ட பாடு,
எட்டில் திக்குவான்;
ஆகவே பள்ளியே எட்டில் திக்குகிறது.
பெண் குழந்தைகள் விகிதம்
போட்டுப் பார்த்தேன், வரவில்லை.

தலைமையாசிரியை ஜெபசெல்வி
பதிவேட்டை விரித்துப் பெயர் கூப்பிடுகிறார்.
எதிரேதானே இருக்கிறான் என்றேன்.
'கூப்பிடலன்னா கோவிச்சுக்கிடுவான்.'
'உள்ளேன் டீச்சர்!'
நாற்பது பேருக்கு நடுவிலிருந்து கத்துகிற மாதிரி.

சமையலுக்குச் சண்முகக்கனி.
'அரிசி அளந்துருவேன், முட்டை ஒண்ணு, அதும் சரி.
இந்த உப்புதான் கைக்கு வசப்படல.
ஒருத்தனுக்கு எம்புட்டுன்னு எவளுக்குத் தெரியும்?'

மற்ற பிள்ளைகள்?
மழை பொய்த்துப் போனது பாதி.
மஞ்சள் வேன் ஊருக்குள் வந்து
ஆரனடித்து அள்ளிப் போனது மீதி.
பேச்சிராஜா வீட்டில் வேனுக்குக் கட்ட வழியில்லை.
என் மகளும் அப்படியொரு வேனில்தான் போகிறாள்.
அதைக் கேட்கும் கட்டம்
எந்தப் படிவத்திலும் இல்லை.

என் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தான்.
'இது என்ன, காத்தாடியா?'
'ஒங்க பள்ளிக்கூடம்ல.'
ரொம்ப நேரம் பார்த்தான்.
'எறக்கைய எங்க?'

அறிக்கை அனுப்பினேன்.
திரும்பி வந்தது ஒரு வரி:
'விதிவிலக்கு. சராசரியில் சேர்க்க வேண்டாம்.'

ஆவணியில் அவன் அப்பனுக்கும் ஆத்தாளுக்கும்
பல்லடத்தில் தறி வேலை கிடைத்தது.
சான்றிதழ் வாங்கின அன்றைக்கே ரயிலேறிவிட்டார்கள்.
பத்தொன்பது லட்சத்தை மறுபடி வகுத்தேன்.
சுழியத்தால் வகுக்க முடியாதென்று
கணினி கட்டத்துக்குள் முள்வேலி போட்டது.
காற்றாலை இருந்த இடத்தில் வெறும் தாள்.

ஒரு பள்ளியை விட்ட பிள்ளை
அடுத்த பள்ளி எடுக்கும்வரை
'பொதுத் தொகுப்பு' என்ற இடத்தில் நிற்கும்.
பஸ் ஸ்டாண்டு மாதிரி.
உட்காரப் பெஞ்சு கிடையாது.
தினமும் டீ வருவதற்கு முன்னால்
அவன் எண்ணைத் தட்டிப் பார்ப்பேன்.
யாரும் சொல்லவில்லை, இதற்குக் கூலியும் இல்லை.
பதினோராம் நாள் இருந்தான்.
இருபத்தாறாம் நாளும் இருந்தான்.
சரஸ்வதி பூசைக்குப் பொரி கட்டிக் கொடுத்தார்கள்,
அன்றைக்கும் அங்கேயேதான்.

நாற்பத்து மூன்றாம் நாள் காணவில்லை.
தேடினால், பல்லடம் பக்கம் ஒரு பள்ளி.
அறுநூற்றுப் பதினொன்று இருந்தது
பன்னிரண்டு ஆகியிருக்கிறது.
அந்தப் பள்ளியின் தலைக்குச் செலவு
ஒரு மயிரிழை இறங்கியிருக்கும்.

சண்முகக்கனிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.
இப்போது வேறு ஊர்ப் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள் அவளை;
பின்னால் தட்டுகள் உருளும் சத்தம்.
'சாப்பாடு உண்டும்லா?'
'உண்டு.'
'உப்பு?'
'அறுநூறு பேருக்கு வடிக்காவ.
சரியாத்தான் இருக்கும்' என்றேன்.